பூமி விழுங்கும் காற்றும் ஒட்டன்சத்திரத்துப் பாறையும்

ஒட்டன்சத்திரம் என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது காய்கறிச் சந்தையாகத்தான் இருக்கும். முருங்கைக்காயும் தக்காளியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் புறப்படும் லாரிகளை அவ்வழியே போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் புவியியல் படித்த ஒருவரிடம் அந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் சந்தையைப் பற்றிப் பேச மாட்டார். “அனார்த்தோசைட்” என்பார்.

அனார்த்தோசைட் என்பது ஒரு பாறையின் பெயர். ஏறக்குறைய முழுவதும் ஒரே வகைக் கனிமத்தால், அதாவது பிளேஜியோகிளேஸ் என்னும் ஃபெல்ஸ்பாரால் ஆனது. நிலவில் நாம் வெண்மையாகக் காணும் மேட்டுநிலங்கள் இந்த இனப் பாறையால் ஆனவை. 1971ஆம் ஆண்டு அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் அத்தகைய கல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டு விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் சந்திரயானுக்காகச் செயற்கை நிலவு மண் தயாரித்தபோது, நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி அனார்த்தோசைட்டைத்தான் அரைத்துப் பயன்படுத்தியது. ஒட்டன்சத்திரத்திலும் அதே இனத்துப் பாறை தரையில் தலைகாட்டுகிறது. மைசூர்ப் பல்கலைக்கழகத்து ஏ. எஸ். ஜனார்த்தனும் அமெரிக்கரான ராபர்ட் வீப்பும் 1980களில் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். பின்னர் 2004இல் வெளியான ஓர் ஆய்வு அதன் வயதைச் சுமார் 56 கோடி ஆண்டு என்று கணித்தது.

அந்த வயதுதான் நம் கதையின் முடிச்சு. ஏனெனில் ஏறக்குறைய அதே காலத்தில்தான் தென்னிந்தியாவின் இப்பகுதியில் ஒரு கடல் முழுவதுமாக மூடிக்கொண்டது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடல் எப்படி மூடிக்கொள்ளும்? அதன் தரை பூமிக்குள் சரிந்து மறைந்துவிடும். தரையோடு நீரும் கரியமில வாயுவும் உள்ளே போகும். அப்படி உள்ளே போனவை என்ன ஆகின்றன? திரும்பி வருகின்றனவா? வந்தால், “இது முன்பு உள்ளே போனது, இது பூமியின் வயிற்றில் ஆதியிலிருந்தே இருப்பது” என்று பிரித்துச் சொல்ல முடியுமா? முடியும். அதற்கு உதவுபவை ஐசோடோப்புகள். முதலில் அவை எப்படி உள்ளே போகின்றன என்று பார்ப்போம். அதற்கு ஒட்டன்சத்திரத்தை விட்டு வெகு தூரம் போகவேண்டியதில்லை.

கல் குடிக்கும் காற்று

மழைநீர் வெறும் நீரன்று. விழும் வழியில் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய சோடா நீராகவே தரையைத் தொடுகிறது. மண்ணுக்குள் வேர்கள் விடும் மூச்சினால் அதன் புளிப்பு இன்னும் கூடுகிறது. இந்த நீர் பாறையை அரிக்கிறது. அனார்த்தோசைட்டில் கால்சியம் மிகுதி. அரிப்பில் அந்தக் கால்சியம் விடுபட்டு, கரியமில வாயுவோடு கூடி, கரைந்த பைகார்பனேட்டாக ஓடிவிடுகிறது. ஒரு பகுதி வழியிலேயே படிந்துவிடுவதும் உண்டு. கிணறு வெட்டும்போது கடப்பாரையில் தட்டுப்படுகிறதே சுக்கான்கல், அது இப்படிப் படிந்த சுண்ணாம்புதான்.

மீதி கால்சியம் பயணத்தைத் தொடர்கிறது. பழனி மலையிலிருந்து இறங்கும் நங்காஞ்சியாறு பரப்பலாறு அணையைத் தாண்டி, இந்தச் சமவெளி வழியாக ஓடி அமராவதியில் கலக்கிறது. அமராவதி கரூருக்கருகே காவிரியில் கலக்கிறது. காவிரி வங்கக் கடலில் கலக்கிறது. கடலில் கரைந்த பொருள் கழிமுகத்திலேயே தங்கிவிடாது. உலகக் கடல்கள் ஒன்றோடொன்று கலக்க ஆயிரம் ஆண்டு போதும். எங்கோ ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுயிர் அந்தக் கால்சியத்தை எடுத்துத் தன் ஓட்டைக் கட்டிக்கொள்ளும். அது இறந்ததும் ஓடு கடல் தரையில் படியும். ஆக, காற்றிலிருந்த கரியமில வாயு கடலடிச் சுண்ணாம்பாகிவிட்டது.

அமெரிக்க வேதியியலார் ஹெரால்டு யூரி 1952இல் இதை ஒரே சமன்பாட்டில் எழுதிக் காட்டினார். கால்சியம் சிலிக்கேட்டும் கரியமில வாயுவும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கல்லும் சிலிக்காவும் கிடைக்கும். இந்த வினை ஒரே திசையில் நடந்துகொண்டேயிருந்தால் என்ன ஆகும்? சில பத்து இலட்சம் ஆண்டுகளிலேயே காற்றிலுள்ள கரியமில வாயு முழுவதும் கல்லாகிவிடும். போர்வை இழந்த பூமி உறைந்து போகும். அப்படி ஆகவில்லை. நீங்களும் நானும் இருக்கிறோம். ஆகவே எங்கோ ஓரிடத்தில் வினை தலைகீழாகவும் நடக்கிறது. கல்லிலிருந்து வாயு மீண்டும் வெளியேறுகிறது.

கடல் தரை போகும் இடம்

2004 டிசம்பர் 26ஐ நாகப்பட்டினத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். அன்று சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நடந்தது என்ன? இந்தியப் பெருங்கடலின் தரை, சுமத்ராவையும் அந்தமானையும் தாங்கும் தட்டுக்குக் கீழே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம், அதாவது நம் விரல் நகம் வளரும் வேகத்தில், சரிந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் சிக்கிக்கிடந்த விளிம்பு அன்று ஒரேயடியாக விடுபட்டது. இப்படிக் கடல் தரை கீழே இறங்கும் இடங்களை அமிழ் மண்டலங்கள் என்கிறோம்.

இறங்கும் தரை வெறுங்கையோடு போவதில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து அரித்துக் கொண்டுவந்து வங்கக் கடலில் கொட்டிய சேறு சுமத்ரா வரை பரவிக் கிடக்கிறது. அதில் களிமண்ணும், மக்கிய செடிகொடிகளின் கரியும் உண்டு. மத்திய அமெரிக்காவின் கரையோரத்தில் இறங்கும் தரையில் சுண்ணாம்புப் படிவு மிகுதி. படிவுகளுக்குக் கீழேயுள்ள எரிமலைப் பாறையும் கடல்நீரில் ஊறி, நீரைத் தன் கனிமங்களுக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறது. நீர், கரியமில வாயு, நைட்ரஜன், கந்தகம், குளோரின் ஆகிய இவற்றை எளிதில் ஆவியாகும் பொருள்கள் என்பர். சூடேறினால் கல்லைவிட்டு முதலில் புறப்படுபவை இவைதாம்.

சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு விந்தை நடக்கிறது. இறங்கும் தட்டு குளிர்ந்தது. அது போய்ச் சேரும் இடமோ மேலோட்டுக்குக் கீழேயுள்ள கவசம் என்னும் கெட்டியான, சூடான அடுக்கு. குளிர்ந்த பொருள் போனால் எரிமலை அணைய வேண்டுமல்லவா? மாறாக அங்கேதான் எரிமலைகள் வரிசையாக எழுகின்றன. காரணத்தை உங்கள் ஊர்ப் பொற்கொல்லரிடம் கேட்கலாம். தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும். செம்புக்கு 1,085 டிகிரி. இரண்டையும் தக்க அளவில் சேர்த்தால் 911 டிகிரியிலேயே உருகிவிடும். பற்றாசு நகையை உருக்காமல் தான் மட்டும் உருகுவது இப்படித்தான். கவசத்துப் பாறையும் அவ்வாறே. உலர்ந்திருந்தால் அந்த ஆழத்தில் அது 1,300 டிகிரிக்கு மேல்தான் உருகத் தொடங்கும். தட்டிலிருந்து கசிந்த நீர் சேர்ந்தால் 1,000 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்குகிறது. உருகிய குழம்பு நீராவியையும் கரியமில வாயுவையும் சுமந்துகொண்டு மேலே ஏறுகிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் உள்ள பாரன் தீவு இப்படிப் பிறந்ததுதான். நம் நாட்டில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அது. 1787 முதல் 1832 வரை அவ்வப்போது வெடித்துவிட்டு உறங்கியது, 1991இல் மீண்டும் விழித்துக்கொண்டது.

பிறந்த ஊர் அடையாளம்

இதுவரை சொன்னது எல்லாம் ஓர் ஊகமாகவே இருந்திருக்கலாம். எரிமலை வாயிலிருந்து வரும் வாயு, கடல் தரையோடு போனதுதான் என்று நிரூபிப்பது எப்படி? கரியமில வாயுவின் மேல் ஊர்ப் பெயர் எழுதியிருக்காது.

ஒட்டன்சத்திரத்துச் சந்தையில் பழகிய வியாபாரி வெங்காயத்தின் நிறத்தையும் தோலையும் பார்த்து, எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அணுக்களுக்கும் அப்படி ஓர் அடையாளம் உண்டு. ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. உட்கருவில் புரோட்டான்கள் சமமாக இருக்க, நியூட்ரான்கள் கூடவோ குறையவோ இருக்கலாம். இவையே ஐசோடோப்புகள். வேதியியல் குணத்தில் இரட்டைப் பிள்ளைகள். எடையில் மட்டும் சற்றே வேறுபாடு. அந்த வேறுபாட்டை நிறை நிறமாலைமானி என்னும் கருவி நுட்பமாக அளந்துவிடுகிறது.

மிக அழகான சான்று பெரிலியம்-10. இது பூமியில் தானாகக் கிடைப்பதன்று. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உயரத்தில் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களை உடைக்கும்போது உண்டாகிறது. மழையோடு இறங்கிக் கடலடிச் சேற்றில் சேர்கிறது. 1950களின் நடுவில், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தேவேந்திர லால், பெர்னார்ட் பீட்டர்ஸ் முதலியோர் அடங்கிய குழு ஆழ்கடல் சேற்றில் இதைக் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் அர்னால்டும் அதே சமயத்தில் கண்டார். பெரிலியம்-10 சுமார் 14 இலட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறையும். ஒன்றரைக் கோடி ஆண்டு கழிந்தால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. ஆகவே பூமியின் ஆழத்தில், நெடுங்காலமாக அங்கேயே இருக்கும் பாறையில், இது இருக்கவே முடியாது.

1982இல் வாஷிங்டன் கார்னகி நிறுவனத்தைச் சேர்ந்த லூயி பிரவுன், ஃபுவாத் தெரா முதலியோரும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து எரிமலைக் குழம்புப் பாறைகளை அளந்தார்கள். அமிழ் மண்டலத்தைச் சேராத எரிமலைகளின் பாறைகளில் பெரிலியம்-10 இல்லை எனும் அளவே. அலூஷியன் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள அமிழ் மண்டல எரிமலைகளில் பல மடங்கு இருந்தது. யோசித்துப் பாருங்கள். வானத்தில் பிறந்த அணு மழையில் இறங்கி, கடலடியில் படிந்து, நூறு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய், தன் ஆயுள் முடிவதற்குள் எரிமலை வழியாக வெளியே வந்துவிட்டது! படிவு உள்ளே போகிறது, சில பத்து இலட்சம் ஆண்டுகளில் திரும்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

ஒரு கணக்கும் அதன் சிக்கலும்

பெரிலியம், சேறு திரும்பியதைச் சொல்கிறது. கரியமில வாயுவின் கதையைக் கார்பனிடமே கேட்க வேண்டும். கார்பன் அணுக்களில் சுமார் தொண்ணூற்றுக்கு ஒன்று கார்பன்-13. மற்றவை இலேசான கார்பன்-12. ஒரு குறிப்பிட்ட சுண்ணாம்பை அளவுகோலாக வைத்து, கார்பன்-13 ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூடுதல், எத்தனை பங்கு குறைவு என்று சொல்வது வழக்கம். கடல் சுண்ணாம்புக்கு ஏறக்குறைய பூச்சியம். செடிகொடிகள் இலேசான கார்பனை விரும்பி எடுப்பதால் அவற்றின் மக்கிய கரியில் 25 பங்கு வரை குறைவு. பூமியின் கவசத்துக் கார்பனில் 5 அல்லது 6 பங்கு குறைவு.

அப்படியானால் எரிமலை வாயுவை அளந்து, −5 வந்தால் கவசம், 0 வந்தால் சுண்ணாம்பு என்று சொல்லிவிடலாமே? அங்கேதான் சிக்கல். நூறு பங்கு வாயுவில் 80 பங்கு சுண்ணாம்பிலிருந்தும் 20 பங்கு மக்கிய கரியிலிருந்தும் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி என்ன? 20 பங்கு × −25 = −500; நூறால் வகுத்தால் −5. கவசத்தின் விடையேதான்! கவசத்திலிருந்து ஒரு துளிகூட வராமலே கவசத்தின் அடையாளம் வந்துவிட்டது. ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொன்னால் இப்படி ஏமாற வேண்டியதுதான்.

இரண்டாவது சாட்சி ஹீலியம். ஹீலியம்-4 யுரேனியமும் தோரியமும் சிதையும்போது எங்கும் உண்டாவது. ஹீலியம்-3 பூமி உருவானபோது அகப்பட்டது; கவசத்தின் உடைமை. கவசத்து ஹீலியத்தில் ஹீலியம்-3இன் விகிதம் காற்றிலிருப்பதைப் போல் எட்டு மடங்கு. கடலடிப் படிவிலோ ஹீலியம்-3 மிக அற்பம். ஆகவே எரிமலை வாயுவில் ஓர் அணு ஹீலியம்-3க்கு எத்தனை கரியமில வாயு மூலக்கூறு என்று எண்ணினால், கவசத்தின் பங்கு வெளிப்பட்டுவிடும். கவச வாயுவில் ஒன்றுக்குச் சுமார் 150 கோடி. சுண்ணாம்பிலும் படிவிலும் அதைப் போல் பல்லாயிரம் மடங்கு. 1995இல் ஜப்பானியரான யூஜி சானோவும் பிரெஞ்சுக்காரரான பெர்னார்ட் மார்ட்டியும் கார்பனையும் ஹீலியத்தையும் சேர்த்து நிறுத்திக் கணக்கிட்டார்கள். அமிழ் மண்டல எரிமலைகளின் கரியமில வாயுவில் கவசத்தின் பங்கு சிறிதே, பெரும்பகுதி சுண்ணாம்பும் படிவும் தந்தது என்று தெரிந்தது. இதற்கும் பின்னாளில் ஒரு திருத்தம் எழுந்தது. சில இடங்களில் அந்தச் சுண்ணாம்பு, கீழே அமிழ்ந்தது அல்லாமல், எரிமலைக்கு அடியிலேயே மேலோட்டில் இருந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் கடல் சுண்ணாம்புதானே! ஐசோடோப்பு வேறுபடுத்திக் காட்டாது.

இனி நம் ஊர்ப் பாறைகளிடம் திரும்புவோம்.

கல்லறைக் கல்லில் அடைபட்ட மூச்சு

ஒட்டன்சத்திரத்து அனார்த்தோசைட்டைச் சுற்றிலும், தெற்கே பழனி மலை முழுவதும், பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கரும்பச்சைச் சாயலுள்ள பாறை. பெயரைப் பார்த்தால் தமிழ்நாட்டுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறை இருக்கிறது. அதன் பலகைக் கல் சென்னைப் பக்கத்துப் பரங்கிமலை, பல்லாவரம் பாறையோடு ஒத்திருப்பதைக் கண்டு, தாமஸ் ஹாலந்து என்ற புவியியலார் 1893இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டிவிட்டார். பிறந்த இடத்தின் பெயரை வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்; இப்போது சொல்லிப் பயனில்லை.

இப்பாறை பூமிக்குள் 25, 30 கிலோமீட்டர் ஆழத்தில் கடும் சூட்டில் உருவானது. வத்தலக்குண்டுக்கு அப்பால் கெங்குவார்பட்டியில் கிடைக்கும் சில கற்கள் 900 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தைக் கண்டவை. சாதாரண நைஸ் பாறையில் கருமைக்கா போன்ற நீருள்ள கனிமங்கள் இருக்கும். சார்னோக்கைட்டில் அவை குறைந்து, நீரில்லாத ஹைபர்ஸ்தீன் என்னும் கனிமம் தோன்றியிருக்கும். நீரை விரட்டியது யார்? 1960இல் சி. எஸ். பிச்சமுத்து என்ற புவியியலார் கர்நாடகத்தில் கப்பால்துர்க்கம் கல்குவாரியில் ஒரு காட்சியைக் கண்டு எழுதினார். சாம்பல் நிற நைஸ் பாறையில், வெடிப்புகளை ஒட்டித் திட்டுத்திட்டாகக் கரும்பச்சைச் சார்னோக்கைட் பரவியிருந்தது. துணியில் எண்ணெய் ஊறுவது போல. ஏதோ ஒன்று வெடிப்பு வழியே ஏறி வந்து பாறையை மாற்றியிருக்கிறது.

அது என்ன என்பதற்கு விடை, படிகங்களுக்குள் இருக்கிறது. பாறையை மெல்லிய தகடாகத் தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தால், வெங்கச்சங்கல் மணிகளுக்குள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் குமிழிகள் தெரியும். தகட்டைக் குளிரவைத்தால் குமிழியில் உள்ளது உறைகிறது. மெல்லச் சூடேற்றினால் பூச்சியத்துக்குக் கீழே 56.6 டிகிரியில் உருகுகிறது. அது கரியமில வாயுவுக்கே உரிய வெப்பநிலை. நார்வே நாட்டுப் பாறைகளில் இதை 1971இல் ஷாக் தூரே என்பவர் காட்டினார். நம் பாறைகளிலும் அதுவே அடைபட்டிருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் விட்ட மூச்சு!

1980இல் ராபர்ட் நியூட்டன், ஜே. வி. ஸ்மித், பிரையன் விண்ட்லி மூவரும் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டார்கள். கவசத்திலிருந்து பெருமளவு கரியமில வாயு எழுந்து மேலோட்டின் அடிப்பகுதியை நனைத்து, நீரை விரட்டியது என்றார்கள். எதிர்ப்பும் வந்தது. பாறை சற்றே உருகியபோது நீர் அந்தக் குழம்பில் கரைந்து போய்விட்டது. கரியமில வாயு மிஞ்சியது, அவ்வளவுதான் என்றார்கள் சிலர். ஐசோடோப்பைக் கேட்போம் என்று 1988இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜாக்சன், மேட்டி, ஹாரிஸ் ஆகியோர் தென்னிந்தியச் சார்னோக்கைட்டின் குமிழி வாயுவில் கார்பனை அளந்தனர். அதன்பின் பலரும் அளந்தார்கள். சில எண்கள் கவசத்தை ஒத்திருந்தன; சில பக்கத்திலுள்ள கிராபைட்டின் சாயலைக் காட்டின. கவசத்தை ஒத்த எண்ணை அப்படியே நம்பலாமா என்ற கேள்விக்கு நாம் மேலே போட்ட கணக்கு விடை சொல்லும்: −5 என்பது கலவையாகவும் இருக்கலாம். சானோவும் மார்ட்டியும் செய்ததைப் போல ஹீலியத்தை அழைக்கலாமென்றால், இத்தனை பழைய பாறையில் ஹீலியம் கசிந்துபோயிருக்கும். யுரேனியம் பிறப்பித்த புது ஹீலியம் வேறு சேர்ந்திருக்கும். அந்தச் சாட்சி இங்கே செல்லாது.

இதனால் ஆய்வாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. எம். சதீஷ்குமார், எம். சந்தோஷ் முதலியோர் அம்பாசமுத்திரத்துப் பளிங்குச் சுண்ணாம்புக்கல்லை எடுத்து, அதில் அடுத்தடுத்து இருக்கும் கால்சைட்டும் கிராபைட்டும் கார்பன் ஐசோடோப்புகளை எந்த அளவு பரிமாறிக்கொண்டன என்பதிலிருந்து அக்காலத்து வெப்பத்தைக் கணித்தார்கள். சுண்ணாம்பு ஒரு காலத்துக் கடல் ஓடு. கிராபைட் ஒரு காலத்து உயிர்ப்பொருளின் கரியாக இருக்கலாம். பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட் சிவகங்கைப் பக்கத்தில் வெட்டியெடுக்கப்படுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆழத்துக்குப் போன கார்பன் எல்லாம் வாயுவாகத் திரும்பிவிடவில்லை என்பதற்கு அந்தச் சுரங்கமே சாட்சி.

கடல் இருந்ததா?

இவ்வளவும் சொல்லிவிட்டு, இங்கே உண்மையில் ஒரு கடல் இருந்ததா என்று கேட்காமல் விட்டால் சரியாகாது. இதற்கு வேறு ஐசோடோப்பு உதவுகிறது. சமேரியம்-147 மிக மிக மெல்லச் சிதைந்து நியோடைமியம்-143 ஆகிறது. பாதியாகக் குறையவே 10,600 கோடி ஆண்டு வேண்டும். இந்த விகிதத்தைக் கொண்டு, ஒரு பாறையின் பொருள் எப்போது கவசத்திலிருந்து முதன்முதலாகப் பிரிந்தது என்று மதிப்பிடலாம். நைஜல் ஹாரிஸ், சந்தோஷ், டெய்லர் ஆகியோர் 1994இல் தென்னிந்தியாவுக்கு இப்படிக் கணக்கெடுத்தபோது, வடக்கேயுள்ள நிலமும் தெற்கேயுள்ள நிலமும் ஒரே குடும்பமாகத் தெரியவில்லை. வடக்கு மிகப் பழையது. தெற்கில் பல பாறைகள் இளையவை. நில அளவையில் எல்லைக்கல் நடுவது போல, ஐசோடோப்பு இரண்டு நிலங்களுக்கு நடுவே ஒரு கோட்டைக் காட்டியது.

கோடு எங்கே என்பதில்தான் வழக்கு. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே போகும் பட்டையே கடல் மூடிய தழும்பு என்று ஆலன் காலின்ஸ் குழுவினர் 2007இலும், சந்தோஷும் ஜப்பானிய நண்பர்களும் 2009இலும் எழுதினார்கள். ஒட்டன்சத்திரத்துக்கு 56 கோடி என்று வயது சொன்ன 2004ஆம் ஆண்டு ஆய்வோ, கரூரிலிருந்து கம்பம் வழியாகத் திருச்சூர் வரை போகும் கோட்டை முக்கிய எல்லையாகக் கொண்டது. முதல் கோட்டின்படி ஒட்டன்சத்திரம் தெற்குக் கரை. இரண்டாவது கோடு ஏறக்குறைய இந்தச் சமவெளியின் பக்கமாகவே போகிறது. மறைந்த கடலுக்கு மொசாம்பிக் கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோண்டுவானா என்ற பெருங்கண்டம் கூடியபோது அது மூடியது. ஆனால் இங்கேயே மூடியது என்பதை ஏற்காதவர்களும் உண்டு.

சித்தம்பூண்டிப் பாறை இதைவிட வெகு மூத்தது. சுமார் 250 கோடி ஆண்டு. கால்சியம் மிகுந்த அதன் ஃபெல்ஸ்பாரும் உடனிருக்கும் ஹார்ன்பிளெண்டும், அதைப் பெற்ற குழம்பில் நீர் நிறைய இருந்ததைக் காட்டுகின்றன என்றும், அது பழங்கால அமிழ் மண்டலத்தின் மேல் பிறந்தது என்றும் பலர் கருதுகிறார்கள். ஒட்டன்சத்திரம் வேறு வகை. இத்தகைய பெருந்திரள் அனார்த்தோசைட்டுகள் பொதுவாக நீர் குறைந்த குழம்பில் உருவாகின்றன. ஒரே இனத்துக் கல். ஒன்று ஈரத்தின் பிள்ளை, மற்றது வறட்சியின் பிள்ளை. இரண்டுக்கும் நடுவே, குன்றுகள் வட்டமாகச் சூழ்ந்த கடவூரில் இன்னொரு அனார்த்தோசைட் உண்டு. அதற்குச் சுமார் 83 கோடி வயது. ஓர் அமிழ் மண்டல எரிமலை வரிசையின் வேராக அது இருந்திருக்கலாம் என்பது 2011இல் வெளியான ஆய்வின் முடிவு.

பூமி எதையும் எளிதில் மறப்பதில்லை என்பதற்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒகேனக்கல்லிலும், திருப்பத்தூர் பக்கத்துச் சேவாத்தூரிலும் கார்பனடைட் என்னும் அபூர்வப் பாறை இருக்கிறது. உருகிக் குழம்பாகி மேலே வந்த சுண்ணாம்புக்கல் என்று அதைச் சொல்லலாம். ஒகேனக்கல் பாறைக்கு 240 கோடி ஆண்டு. சேவாத்தூருக்கு 77 கோடி. ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அனில் குமார், நிர்மல் சரண், கே. கோபாலன் மூவரும் அமெரிக்கரான மக்டூகலும் 1998இல் இவற்றின் ஸ்ட்ரான்சியம், நியோடைமியம் ஐசோடோப்புகளை அளந்தார்கள். 163 கோடி ஆண்டு இடைவெளிவிட்டுப் பிறந்த இரண்டும் ஒரே கவசப் பகுதியிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. சில தனிமங்கள் செறிந்த அந்தப் பகுதி, தமிழ்நாட்டுக்கு அடியில், கலையாமல் அத்தனை காலம் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

வரவு செலவு

உலகம் முழுவதும் எரிமலைகளும் பூமியின் பிற வெடிப்புகளும் ஆண்டுக்கு வெளிவிடும் கரியமில வாயு சுமார் 30 கோடி டன் அளவு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். “எரிமலை விடும் புகைக்கு முன்னால் மனிதன் விடும் புகை எம்மாத்திரம்?” என்று யாராவது கேட்டால் இந்த எண்ணை நினைவில் வையுங்கள். நிலக்கரி, பெட்ரோல் முதலியவற்றை எரித்து நாம் வெளிவிடுவது ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கு மேல். நூறு மடங்குக்கும் அதிகம்.

அமிழ்ந்துபோகும் கார்பனில் எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு ஆழத்திலேயே தங்குகிறது என்பதில்தான் கணக்கு இன்னும் நேராகவில்லை. 2019இல் கோஸ்டாரிகாவின் வெந்நீர் ஊற்றுகளை ஆராய்ந்த பீட்டர் பேரி குழுவினர், எரிமலைக்கு வந்து சேரும் முன்பே ஒரு பகுதி கார்பன் வழியில் கால்சைட்டாகப் படிந்துவிடுவதைக் காட்டினார்கள். சில வைரங்களின் கார்பன் செடிகொடியின் கரியைப் போல இலேசாக இருப்பதால், அது ஒரு காலத்துக் கடலடிச் சேறாக இருந்திருக்கலாம். நீல வைரங்களுக்கு நிறம் தரும் போரான், கடல்நீர் ஊறிய தட்டோடு 600 கிலோமீட்டருக்கும் கீழே போனது என்பது 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றின் கருத்து. கோல்கொண்டாச் சுரங்கத்திலிருந்து போய், இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற ஹோப் வைரம் அதே நீல இனத்தைச் சேர்ந்தது.

நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். தோட்டத்துச் சுக்கான்கல் ஒரு துண்டும், ஒட்டன்சத்திரம் பக்கம் போனால் அனார்த்தோசைட் சில்லு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, ஆசிரியர் உடனிருக்க, இரண்டின்மேலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். சுக்கான்கல் உடனே பொங்கும். அது மழை கொண்டுவந்து மண்ணில் கட்டிவைத்த கரியமில வாயு. அனார்த்தோசைட் பேசாமலிருக்கும், அதில் கால்சியம் உண்டு, வாயு இல்லை. ஆனால் மழையில் கிடந்து வெளுத்துப் பொடிந்த அதன் மேல்தோலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உதிரும் களிமண்ணிலிருந்து பிரிந்த கால்சியம் ஏற்கெனவே நங்காஞ்சியாற்றுப் பக்கம் புறப்பட்டுப் போயிருக்கும்.